குண்டு வத்தல் கொள்முதல்

இப்படிப் பக்கத்துல நெருங்கி உக்காருங்க, மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி என் தொண்டை போயிருச்சு. மில்லு ஓடுனா மிஷினுக்குப் பேரு. நின்னா, சரக்கு வாங்குனவனுக்குப் பேரு. கம்பெனிக்குச் சரக்கு வாங்கிப் பாடுபட்டவுகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். ராமநாதபுரத்துல ஒரு மிளகாய்த்தூள் மில்லுக்கு வத்தல் வாங்குன ஆளு நான். படிப்பு அஞ்சாங் கிளாஸ். தொழிலுக்குக் காதுதான் துணை.

மூட்டை வாய்

குண்டு வத்தலை ஒரு கை அள்ளி, காதுகிட்ட வச்சுக் குலுக்கணும். உள்ள விதை கலகலன்னா காய்ஞ்ச சரக்கு. மண்டியில மூட்டை வாயில இருந்து அள்ளிக் குலுக்குனேன். சலங்கை தோத்துச்சு, போங்க. இருபது மூட்டை ஏத்தியாந்து கொட்டுனா, மூட்டைக்கு நடுவுல இருந்த வத்தலெல்லாம் ஊறுன அவல் மாதிரி கெடக்கு. அரைக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல சல்லடை அடைச்சு மிஷின் நின்னுபோச்சு. மிஷின் பாக்குற சவரிமுத்து, சல்லடையில அப்பியிருந்த சிவப்புக் களிய ஒரு விரல்ல வழிச்சு என்கிட்ட நீட்டுனான்.

"அண்ணே, இந்த வத்தலுக்கு மிஷின் எதுக்கு, அம்மி போதுமே."

மூணாவது லோடு

மதுரையில ஒரு ஊறுகாய் கம்பெனிதான் எங்க மில்லுக்குச் சோறு போட்டது. பூசண வாடை அடிக்குதுன்னு ரெண்டு லோடு தூளைத் திருப்பிட்டாக. மூணாவதும் இப்படியே வந்தா இனி வேற மில்லுதான்னு டிரங்கால் போட்டுப் போன்ல சொல்லிட்டாக. அவுக விட்டா மில்லைப் பூட்ட வேண்டியதுதான்.

இனி நீ மண்டிப் பக்கமே போயிராத, நல்லாக் காயவைக்கிற ஒரு ஊராப் பிடி, வருசமெல்லாம் அங்கனயே வாங்குவோம்னாரு முதலாளி. எப்படிப்பட்ட வத்தல் வேணும்னு கேட்டேன். இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரி பாத்தாரு.

"முழுசா, பளபளன்னு, ஒண்ணுகூட ஒடையாம இருக்கணும்."

சிக்கல் களம்

சிக்கல்னு ஒரு ஊரு. அங்கன முத்துப்பேச்சி களத்துல கால் வச்சதுமே வத்தல் நொறுநொறுன்னுச்சு. தன் கரிசக்காட்டுல தானே வெள்ளாமை பாக்குற பொம்பளை. இப்படியே மூட்டை போடுங்கன்னேன். காய்ஞ்சதைச் சாக்குல போட்டு மிதிச்சா நொறுங்கிப்போகும், நொறுங்குனதை மண்டிக்காரன் தொடமாட்டான், அதனாலதான் ஊரே தண்ணி தெளிச்சுக் கட்டுதுன்னா. அந்த இருபது மூட்டை ஏன் ஊறிக் கெடந்துச்சுன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

எங்களுக்கும் ஒடையாமத்தான் வேணுமாம்னு முதலாளி சொன்னதைச் சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"கொண்டுபோயி மாலை கட்டிப் போட்டுக்கிருவீகளாண்ணே? அரைக்கத்தானே போறீக?"

சவரிமுத்துவின் குறை

முதலாளிகிட்டச் சொல்லாமலே, தண்ணி படாத வத்தலை நொறுங்க நொறுங்க மிதிச்சு ஏத்தியாந்தேன். தண்ணி எடை போனதுக்கு ஈடா விலையில கொஞ்சம் கூடப் போட்டுக் குடுத்தேன். மூட்டையப் பிரிச்ச முதலாளிக்கு முகம் செத்துப்போச்சு. இந்த லோடு மட்டும் திரும்பி வரட்டும், நீயும் வீட்டுக்குத்தான்னாரு.

அன்னைக்குப் பொழுது சாயுற வரை மிஷின் நிக்கல. தெருவே தும்முச்சு. லோடு மதுரைக்குப் போன பெறகு நாலு நாள் போன் பக்கத்தை விட்டு நான் நகரல. அஞ்சாம் நாள் டிரங்கால்: இதே தூளை மாசாமாசம் அனுப்புங்க. முதலாளி எல்லாத்துக்கும் அல்வா வாங்கிக் குடுத்தாரு. சவரிமுத்து மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்.

"மிஷின் நின்னாத்தானேண்ணே நான் டீ குடிக்கப் போக முடியும்?"

காம்பு

மறுவாரம் முதலாளியே சிக்கலுக்கு வந்து, வருசா வருசம் ஊர்ச்சரக்கு மொத்தமும் எங்களுக்கேன்னு முத்துப்பேச்சிகிட்ட வாக்குக் கேட்டாரு. காம்பு கிள்ள ஆள் கிடைக்காம மில்லுல மூட்டை தேங்குதுன்னு புலம்பவும் செஞ்சாரு. அவ யோசிக்கவே இல்லை.

"எறியப் போற காம்புக்கு லாரி வாடகை எதுக்கு மொதலாளி? இங்கனயே கிள்ளித் தாரோம், கூலியை எங்க பொம்பளைகளுக்குக் குடுங்க."

அவரு தலையாட்டி முடிக்கல, சாக்கை விரிச்சுப் பத்துப் பேரை உக்கார வச்சிட்டா. எனக்கும் முதலாளிக்கும் நடுவுலயும் ஒரு கூடை வத்தலைக் கொண்டாந்து வச்சா. கிள்ளுன கையோட கண்ணைத் தேச்சுட்டு முதலாளி அழுதுக்கிட்டே சிரிச்சாரு. சரக்கு வாங்கப் போன எங்களை, வேலை வாங்கித்தான் அனுப்புனா அந்த மகராசி.