மருந்து போடாத குளம்

கணேசபாண்டியனுக்குப் பச்சைத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. மும்பை செம்பூரில் ஒரு கிளப்பின் நீச்சல்குளத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர். தண்ணீர் லேசாகப் பச்சை தட்டினால் போதும், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் விடியும் முன்பே தாராவியிலிருந்து கிளம்பி, முதல் ஆள் குளிக்க வருவதற்குள் மருந்தைப் போட்டுவிடுவார். மருந்து என்று அவர் சொல்வது குளோரினை. அந்த மருந்து பதிலுக்கு அவருக்குக் கொடுத்தது வெடித்த கைகளும் ஓயாத இருமலும். வேலையை விடாமல் இருமல் விடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

விட்டுவிட்டு என்ன செய்வது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். கிளப்பின் பம்ப் ரூமுக்குப் பின்னால், குழந்தைகளுக்கென்று எப்போதோ கட்டிய சின்னக் குளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. மழைத்தண்ணீர் தேங்கி, கோரையும் சம்பம்புல்லும் தானாக முளைத்திருந்தன. யாரும் எட்டிப் பார்க்காத அந்தத் தண்ணீரில் தரை பளிச்சென்று தெரிந்தது. மூட்டை மூட்டையாக மருந்து கொட்டிய குளமோ இரண்டு நாள் கவனிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இந்த அநியாயத்தைப் பற்றி அவர் மூன்று வருஷம் யோசித்தார். செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். கடைசியில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில், மருந்தே வேண்டாத ஒரு குளத்துக்குப் படம் போட்டார்.

அந்தத் தாளை நம்பியவள் ஷாலினி. கிளப்பில் மெம்பர், பாங்க் ஆபீசர். அவளுடைய ஒன்பது வயது மகள் ஹரிதாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆனால் குளோரின் பட்டால் முழங்கை மடிப்பெல்லாம் ரத்தம் வரச் சொறிந்துகொள்வாள். பில்டர்கள் எத்தனை நடை நடந்தும் ஷாலினியின் மாமனார் ஜகந்நாதன் விட்டுக்கொடுக்காத பழைய பங்களா அவர்களுடையது. பின்னால் நல்ல தோட்டம் இருந்தது. அங்கேயே குளத்தைக் கட்டச் சொன்னாள்.

குளத்தில் பாதி நீந்த, பாதி செடிகளுக்கு. நடுவே தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும் சுவர். ஒரு சின்ன பம்ப் தண்ணீரை இழுத்து, கழுவிய ஜல்லிக்குள் அனுப்பும். ஜல்லியிலும் வேரிலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்னும். அவ்வளவுதான் டிசைன்.

"கொசு வளர்க்கறதுக்கா இத்தனை ஏற்பாடு?" என்றார் ஜகந்நாதன்.

"கப்பி மீன் விடுதோம் சார். ஒரு புழுவ விடாது. மொதல்ல தண்ணி பச்சையாத்தான் வரும், பாத்துக்கிடுங்க. செடி வேர் புடிக்க ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள யாரும் பயந்துரப்பிடாது."

பயந்தது அவரேதான்.

தண்ணீர் நிரப்பி நாலாவது வாரம், குளம் பச்சைச் சட்னியாக நின்றது. கிளப்பில் ராஜினாமா கொடுத்தாயிற்று, மாசக் கடைசியோடு வேலை முடிகிறது. இந்தக் குளம் தோற்றால் அடுத்து யாரும் கூப்பிடப் போவதில்லை. ஹரிதாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. "அதுக்குள்ள தெளிஞ்சுடுமோல்லியோ?" என்று ஷாலினி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். தெளியாது என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "தெளிஞ்சிரும் மேடம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு கிலோ மருந்தைக் கரைத்து ஊற்றிவிட்டார். மறுநாள் செத்து மிதந்த மீன்களை வலையில் அள்ளிச் செடிகளுக்கு அடியில் புதைத்தார். வாசனை போகப் பகல் முழுக்க பம்பை ஓடவிட்டார். பாவம் என்று அவரைச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்தக் கை ஏன் அப்படிப் போயிற்று என்பது புரியாமலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குளம் கண்ணாடியாக இருந்தது. வந்தவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். திலக் நகரில் தங்கள் வீட்டுக்கும் இதுபோல ஒன்று வேண்டுமென்று ஒரு தம்பதி அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டார்கள். ஹரிதா முதல் படியில் உட்கார்ந்து தண்ணீரையே உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், ஃபிஷ் சப் கஹாங் கயே?" மீனெல்லாம் எங்கே போயிற்று என்று ஹிந்தியில் கேட்டாள்.

செடிக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். குழந்தை நம்பும். நம்பி இறங்கும். அவள் முழங்கையில் இப்போதுதான் ஆறிக்கொண்டிருந்த புண்ணைப் பார்த்தார்.

"எறங்காத பாப்பா. மருந்து போட்டுட்டேன். மீனெல்லாம் செத்துப்போச்சு."

திலக் நகர் தம்பதி பிறகு பேசுவதாகச் சொல்லிவிட்டார்கள். விருந்தாளிகளை ஷாலினி வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். "எது வேண்டாம்னு இதைக் கட்டினோமோ, அதையே கொட்டியிருக்கேளே" என்றாள் பிறகு. அவமானத்தில் அவருக்கு இருமல்கூட வரவில்லை.

"திரும்ப முதல்லேருந்து பண்ணித் தாரேன் மேடம். கூலி வேண்டாம்."

"பண்ணுங்கோ. ஆனா அடுத்த தடவை தெளிஞ்சதும் முதல்ல நீங்க இறங்கணும். அரை மணி நேரம். அப்புறந்தான் ஹரிதா."

தண்ணீரை இறைத்தார், ஜல்லியைக் கழுவினார், செடியை மாற்றினார். தண்ணீர் மறுபடியும் பச்சையானது. தினமும் சாயங்காலம் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். ஜகந்நாதனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"நேத்திக்கு மாதிரியேன்னா இருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

"ஒண்ணும் பண்ணப்பிடாது சார். அதான் வேல."

ஐம்பத்தோராவது நாள் நடுச்சுவரின் அடி தெரிந்தது. இன்னும் ஒரு வாரத்தில் தரை தெரிந்தது. ஷாலினி வார்த்தை மாறவில்லை, இறங்கச் சொன்னாள். அவர் படியிலேயே நின்றார்.

"நீந்தத் தெரியாது மேடம்."

"இருபத்திரண்டு வருஷமா குளத்துலதானே வேலை?"

"ஸ்டாஃப் எறங்கக் கூடாதுன்னு ரூல் மேடம். ஒரு நாளும் எறங்கினதில்ல."

ஷாலினி படியோரக் கம்பியைக் காட்டினாள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் நெஞ்சுவரை வந்ததும் நின்றார். முகத்தை முக்கி எடுத்தார். கண் எரியவில்லை. வெடித்த கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை மணி ஆயாச்சு பாண்டியன்" என்றாள் ஷாலினி.

"இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன் மேடம்."

சோதிப்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது கரையில் இருந்த மூன்று பேருக்குமே தெரிந்தது. ஹரிதா துண்டைத் தாத்தாவின் மடியில் போட்டுவிட்டு, கணேசபாண்டியனுக்குப் பக்கத்தில் இறங்கினாள்.