பொட்டு வைத்த ஜப்பானியத் தட்டுகள்

ஓபியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கும் மற்றவர்களுக்கும் நடந்த வழக்கு முழுவதும் அதைப் பற்றித்தான். ஜப்பானில் அச்சான இசைத்தட்டுகளின் அட்டை உறையை, இடது ஓரமாக, மூன்று விரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். கிமோனோவின் மேல் கட்டும் இடுப்புக் கச்சைக்கு என்ன பெயரோ அதுவே இதற்கும் பெயர். தட்டின் தலைப்பும் வாசித்தவர்களின் பெயர்களும் விற்பவர் எழுதிய இரண்டு வரிப் புகழுரையும் ஜப்பானிய எழுத்தில் அதில் இருக்கும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை உருவிக் குப்பையில் போட்டார்கள். அதனால்தான், அமெரிக்க ஜாஸை ஜப்பான் தன் மண்ணிலேயே அச்சிடத் தொடங்கிய காலத்துத் தட்டு ஒன்று ஓபியோடு கிடைத்தால் சேகரிப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். என்னிடம் அப்படி நாற்பத்தொன்று இருக்கின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஜப்பானியக் கூட்டுறவோடு நடந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தேன். வரைபடங்களின் ஓரக் குறிப்புகளைப் படிக்க ஆள் தேவை என்று நிர்வாகம் எங்களில் நால்வருக்கு மாலை நேர மொழி வகுப்பு வைத்தது. மூவர் பாதியில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. பிறகு மூன்று வாரப் பயிற்சிக்கு அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். தங்கியிருந்த ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை இருந்தது. மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே யாரோ சாக்ஸபோனில் ஒரே சொல்லை விதவிதமாகக் கேட்டுப் பார்ப்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார். தட்டு முடியும்வரை நின்றேன். வீட்டில் அதைச் சுழற்ற ஒரு கருவிகூட இல்லாத நிலையில், அந்தத் தட்டை வாங்கிப் புடவைகளுக்கு நடுவே வைத்து அயனம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கருவியும் மற்றத் தட்டுகளும் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அமெரிக்க முதல் அச்சுதான் அசல், ஜப்பானுக்குப் போனது நகல் ஒலிநாடா என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ஜப்பானிய அச்சில் ஊசி இறங்கும்போது ஒரு நிசப்தம் இருக்கிறது. அந்த நிசப்தத்துக்குள்ளிருந்து பியானோ எழுவதைக் கேட்டவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது உறைக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள். நேரில் ஒருமுறைகூடக் கேட்டிராத இசையைத் தன் ஊர்க்காரர்களுக்குத் தன் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் படும் பாடு அதில் இருக்கும். தவறுகளும் இருக்கும். ஒரு தாளில், டிரம்ஸ் வாசித்தவருக்குக் கிடைக்க வேண்டிய புகழ் முழுவதையும் பாஸ் வாசித்தவருக்குக் கொடுத்துவிட்டார் ஒருவர். இருந்தும் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டதை எழுதினார். தொலைவிலிருந்து கேட்பவர்களுக்கும் ஒரு காது உண்டு என்பதை அந்தத் தாள்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

என் கணவர் அம்பத்தூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜாஸ் அவருக்குப் பிடிக்காது. ஆனால் தட்டு சுழலும் வேகம் ஒரு மயிரிழை பிசகினாலும் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார். தட்டின் மேல் வைக்கும் பித்தளை எடையை அவரேதான் கடைந்து கொடுத்தார். ஓபியை மட்டும் அவரால் மதிக்க முடியவில்லை. “இன்னாம்மே இது, தட்டுக்கு அரணாக்கயிறு கட்டி வெச்சிக்கிறானுங்க” என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயுத பூஜை நாளில் நான் பூந்தமல்லியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பியபோது தட்டுகள் இருக்கும் அறையில் ஊதுபத்தி மணத்தது. தட்டைச் சுழற்றும் கருவியின் மரப்பெட்டியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அலமாரியிலிருந்து ஓர் உறையை உருவினேன். ஓபியின் நெற்றியில் அதே பொட்டு. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். நாற்பத்தொன்றில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சந்தனத்தின் ஈரத்தில் காகிதம் சுருங்கி, குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“பூசை போட்டேம்மே. பட்டறைல ஸ்பேனருக்குக்கூட வெச்சாச்சு. உன் சாமானுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா கீது?”

“இது காகிதம்.”

“அது தெரியாதா எனக்கு? அதான் தட்டு மேல வெக்கல. படம் போட்ட அட்டை மேலயும் வெக்கல. இந்தக் கயித்து மேலதான வெச்சேன்.”

கெடுத்துவிடக் கூடாதே என்று யோசித்து, வீணான பகுதி என்று அவர் நம்பிய ஒன்றைத் தேடி வைத்திருக்கிறார். நான்கு நாட்கள் அவரோடு சாப்பாட்டைத் தாண்டி ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் நாள் உறைகளை வரிசையாகத் தரையில் பரப்பி, எவற்றைக் காப்பாற்ற முடியும் என்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: எல்லாப் பொட்டுகளும் மேல் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், பட்டையின் நட்டநடுவில் இருந்தன. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட மாறவில்லை. ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து அந்த மனிதர் இதைச் செய்திருக்கிறார். உறைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

நகரத்தில் இசைத்தட்டு சேகரிப்பவர்களின் குழு ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, அண்ணா நகரில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் கூடுவோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் உள்ளவர் தமக்குரிய மதியத்தைத் தம் தட்டுகளைக் கொண்டு நடத்த வேண்டும். ஒலிக்கும் தட்டின் உறையை எல்லோரும் பார்க்கும்படி ஒரு மரத்தாங்கியில் நிறுத்தி வைப்பது வழக்கம். இரண்டு ஆண்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பிறகு, சென்ற ஆண்டுதான் என் பெயர் பட்டியலில் வந்தது. எனக்கு அந்த மதியம் வேண்டியிருந்தது. ஜப்பானிய அச்சுகளைப் பற்றி அந்த அறையில் எத்தனையோ பேர் பேசியிருந்தார்கள். ஒருவருக்கும் அவற்றைப் படிக்கத் தெரியாது.

முன்கூட்டியே தட்டுகளைப் பார்க்க அமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, மென்மையாகப் பேசுபவர்.

“சாரோட கலெக்‌ஷனா மேடம்?”

“என்னோடது. பொட்டு வெச்சது மட்டும் என் வீட்டுக்காரர்.”

அவர் முதலில் புரியாமல் சிரித்தார். உறையை வெளியே எடுத்ததும் சிரிப்பு நின்றது. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க. ஓபியைக் கழட்டிட்டு எடுத்துட்டு வாங்க. கிடைக்கும்போதே ஓபி இல்லைன்னு சொல்லிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இப்படியே ஸ்டாண்டுல வெச்சா சிரிப்பாங்க மேடம்” என்றார்.

அவர் போன பிறகு கணவர் ஒரு பழைய துணியும் தின்னர் பாட்டிலுமாக வந்து நின்றார். “ஒண்ணே ஒண்ணுல தொட்டுப் பாக்கட்டா? போவுதான்னு பாப்போம்.”

“தொடாதீங்க.”

“தப்பு என்னுதுதானம்மே.”

“தப்பு உங்களோடதுதான். கழட்டிட்டு, கிடைக்கும்போதே இல்லைன்னு சொன்னா, அந்தப் பொய் என்னோடது.”

அவர் துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று கோபம் இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. அந்தக் குழுவில் ஒரு மரியாதை உண்டு. டோக்கியோவில் எங்கோ ஒரு காபிக்கடைக்காரர் தன் கடையில் வாடிக்கையாளர்களுக்காக ஒலிக்கவிடும் தட்டு திருட்டுப் போகாமலிருக்க உறையில் குத்திய ரப்பர் முத்திரை இருந்தால், அதைச் சேதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வரலாறு என்பார்கள். முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்தும் வரலாறு. சிகரெட் சுட்ட தழும்புகூட வரலாறு. அயனம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு தட்டுக்கு நேர்ந்தது மட்டும் அழுக்கு. இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை.

ஓபிகளோடுதான் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவரும் வந்தார். மாடியில் இருபது பேர் இருந்தார்கள். முதல் உறையை நான் எடுத்ததும் அமைப்பாளர் குனிந்து, “மேடம், ஸ்டாண்டு மட்டும் வேணாமே. தட்டைப் போடுங்க, போதும்” என்றார்.

“உறை நிக்கலைன்னா தட்டும் சுத்தாதுங்க” என்று சொல்லி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்னங்க இது, ஜாஸுக்குக் காது குத்தியாச்சா?”

“காது குத்தா? பொண்ணு பாக்க வந்திருக்காங்க சார், பேசாம இருங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். அறை சிரித்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தானாக ஓயும்வரை காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குக் கடினமல்ல.

“போன மாசம் இதே ஸ்டாண்டுல, காபிக்கடை முத்திரை குத்தின உறை ஒண்ணு நின்னுச்சு. எல்லாரும் எழுந்து வந்து பாத்தீங்க. அது யாரோ ஒருத்தரோட கடை. இது என் வீடு. அதை மதிச்ச மாதிரி இதையும் மதிச்சா ஆரம்பிக்கிறேன். இல்லைன்னா கீழ ஆட்டோ நிக்குது.”

அமைப்பாளர் தாங்கியை விட்டு விலகி நின்றார். எழுந்து போய், உறையைத் தாங்கியில் நானே நிறுத்தினேன். குங்குமம் ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. ஊசியை இறக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் விளக்கத்தாளைப் பிரித்து, ஜப்பானியத்தில் ஒரு பத்தி வாசித்துத் தமிழில் சொன்னேன். டிரம்ஸ்காரரின் புகழ் பாஸ்காரருக்குப் போன கதைக்குச் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. என் கணவர் மூன்றாவது தட்டில் தூங்கிப்போனார். காது குத்தியாச்சா என்று கேட்டவர் கடைசிவரை இருந்தார், போகும்போது என்னிடம் பேசாமல் போனார். எல்லோரும் மனம் மாறினார்கள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை, அப்படி நடக்கவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

“சில பேர் சங்கடப்பட்டாங்க மேடம். ஓபியெல்லாம் ஏதாவது சரி பண்ணீங்களா?”

“இல்லைங்க.”

“அப்போ கொஞ்சம் கஷ்டம்...”

“பரவாயில்லைங்க. பட்டியலைத் திருத்தினதும் சொல்லுங்க. எதுக்கும் அடுத்த மாசம் நானே கூப்பிடறேன்.”

மறு மாதம் அழைத்தேன். அதற்கடுத்த மாதமும் அழைத்தேன். அவர் எப்போதும் கண்ணியமாகப் பேசுகிறார், நானும் அப்படியே. கூட்டங்களுக்கும் தவறாமல் போகிறேன். முன்பு பின்வரிசை, இப்போது முன்வரிசை. அடுத்த மதியத்துக்கான எட்டுத் தட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விளக்கத்தாள்களை மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். இதுவரை ஐந்து முறை அழைத்தாயிற்று. வரும் ஞாயிறு ஆறாவது.