மொட்டைமாடியில் விழுந்த வசவு

துவாரகா ஃபிளாட்டில் என் மகள் போனில் தோழியை "ஹாய் பிட்ச்!" என்று கொஞ்சினாள். எனக்குச் சின்ன வயதில் நாங்கள் இருந்த லோதி ரோடு அரசு குவார்ட்டர்ஸின் மொட்டைமாடி வெயிலும் கூழ்வடாம் வாசனையும் நினைவுக்கு வந்துவிட்டன.

அம்மா வடாம் பிழிந்திருந்த வேட்டியை மேல்வீட்டு அதிகாரி மிதித்துக்கொண்டு நடந்தார். தட்டிக்கேட்ட அம்மாவை அதே "பிட்ச்" என்ற வார்த்தையால் திட்டினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அர்த்தம் கேட்டபோது அப்பா தயங்கினார்.

"பொட்டை நாய்னு அர்த்தம். விடு, பெரிய ஆபீசர்."

"நாயா? சரி, நாளைக்கு நாய் காவல் இருக்கும். வந்து மிதிக்கச் சொல்லுங்க."

மறுநாளும் அதே இடத்தில் வடாம் பிழிந்து, காக்காய் விரட்டும் கம்போடு உட்கார்ந்தாள். அதிகாரி சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

"என்ன பேச்சு இது?" என்று என் கணவர் மகளை அதட்டினார்.

"விடுங்க," என்றேன். "எங்கம்மா சம்பாதிச்ச பட்டம். பேத்தி வச்சுக்கட்டும்."