பிலிப்ராஜ் கரைத்த உப்புத்தண்ணீர்

ஆலங்காயத்து பிலிப்ராஜ் டைல்ஸ் ஒட்டுவதில் கெட்டிக்காரர். மலைமேல் ஜமுனாமரத்தூர்வரை வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவர் ஒட்டிய தரையில் சிமெண்ட் கறையைத் தேய்த்து எடுப்பது மனைவி ஜெஸ்ஸியின் வேலை. அதற்கு ஆசிட் வேண்டும். ஆசிட் கேனோடு நின்றால் மலை பஸ் கண்டக்டர் ஏற்றமாட்டார். அதனால் பிலிப்ராஜ் அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்.

ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டில், வெயில் தாளாமல் ஜெஸ்ஸி தண்ணீரென்று எடுத்துக் குடித்தது அந்தப் பாட்டிலை. ஒரு வாய்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

என்ன செய்வதென்று தனக்குத் தெரியும் என்றே பிலிப்ராஜ் நினைத்தார். அவருடைய மாமா அரளிக்கொட்டை தின்றபோது உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். அந்த வீட்டிலேயே உப்பு வாங்கி, ஒரு சொம்பு நிறையக் கரைத்துப் புகட்டினார். வாந்தி வந்தது.

"எல்லாம் வெளிய வந்துடுச்சும்மா" என்று முதுகைத் தடவினார்.

அதன் பிறகுதான் இருமல் பிடித்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குரல் அடைத்து, மூச்சு கீச்சுக்கீச்சென்றது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள்.

"குடிச்சது வயித்துக்குத்தானே போவும் டாக்டர்? மூச்சு இன்னாத்துக்கு வாங்குது?" என்று பிலிப்ராஜ் கேட்டார்.

"வாந்தி எடுக்க வெச்சது யாரு?" என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார். "மேல வந்த ஆசிட் தொண்டைய மறுபடி சுட்டிருக்கு. மூச்சுக்குழாய்ல எறங்கி நுரையீரலும் வெந்திருக்கு."

பிலிப்ராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காப்பாற்றினேனா, கெடுத்தேனா? அந்த ஒரு வாயில் வெந்தது எவ்வளவு, என் சொம்பால் வெந்தது எவ்வளவு? யாரிடம் கேட்பது?

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஜெஸ்ஸியின் குரல் சருகை மிதித்தது போலிருந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இவரு குடுத்த உப்புத்தண்ணிதான் காப்பாத்துச்சு" என்பாள். டாக்டரம்மா சொன்னதை இன்னும் அவளிடம் சொல்லாத பிலிப்ராஜ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு முத்தம்மா வந்தாள்.

"இன்னா பிலிப்பு, சொம்புக்கு எத்தினி கை உப்பு போட்டே? எங்க வூட்லயும் கக்கூஸ் கழுவுற ஆசிட் கீது, புள்ளைங்க கீதுங்க. தெரிஞ்சி வெச்சிக்கினா நல்லதாச்சே."

"உப்புல இன்னாக்கா கீது, எல்லாம் இவரு கைராசி" என்று ஜெஸ்ஸி சிரித்தாள்.

பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"வேணாங்க்கா. ஆசிட் குடிச்சவங்களுக்கு உப்புத்தண்ணி குடுக்கவே கூடாது. வாந்தி எடுக்க வெச்சா மூச்சுக்கொழா வெந்துபூடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போணும். நான்... வாந்தி எடுக்க வெச்சுட்டேன்."

முத்தம்மா ஒன்றும் விளங்காமல் ஜெஸ்ஸியைப் பார்த்தாள். ஜெஸ்ஸி அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. முதுகைத் தடவ எழுந்த பிலிப்ராஜ், தடவலாமா கூடாதா என்று தெரியாமல், நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.