எங்கள் கட்டடம் மட்டும் இருட்டில்

அந்த வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு என்னை எழுப்பியது குளிர்தான். போனில் அலாரம் அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எங்கள் வீட்டில் சூட்டுக் குழாய்கள் தரைக்குக் கீழே ஓடுகின்றன. ஜனவரியிலும் வெறுங்காலோடு நடக்கலாம். அன்று தரையில் காலை வைத்ததும் உள்ளங்கால் விறைத்தது. விளக்கைப் போட்டேன், எரியவில்லை. குளியலறையிலும் இல்லை, குசினியிலும் இல்லை.

குசினியின் சின்ன ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கு எரிந்தது. எதிர்க் கட்டடத்தில் இரண்டு வீட்டில் வெளிச்சம். நத்தார் முடிந்து மூன்று கிழமையாகியும் யாரோ கழற்றாமல் விட்ட நட்சத்திரம் ஒன்று பல்கனியில் மினுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருக்கும் வில் என்ற நகரம் முழுவதும் இருண்டு கிடந்திருந்தால் மனம் ஓரளவு ஆறியிருக்கும். எங்கள் கட்டடம் மட்டும்தான் இருட்டில் நின்றது. வெளியே மைனஸ் பதின்மூன்று.

"இஞ்சேருங்கோ, கரண்ட் இல்லை," என்று கணவரைத் தட்டினேன்.

"அது வரும், நீர் படும். இது சுவிஸ்," என்றார் போர்வைக்குள்ளிருந்து.

அவர் பாண் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷம் வேலை செய்தவர். முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு வீட்டோடு இருக்கிறார். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. போன் வெளிச்சத்தில் முகம் கழுவி, சீருடைக்கு மேல் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, லிப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடியும் சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போனேன்.

எட்டரைக்குப் பிறகுதான் கட்டட நிர்வாகத்தின் அலுவலகம் திறக்கும். தேநீர் இடைவேளையில் போன் எடுத்தேன். ஓர் இளம்பெண்ணின் குரல். எவ்வளவு கனிவான குரல்!

"ஓ, அது உங்களுக்குச் சிரமம்தான். எங்களுக்குத் தெரியும். மிர் சிண்ட் ட்ரா."

'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்பதை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். அந்த மூன்று நாளில் அந்த வசனத்தை எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை. இப்போதும் யாராவது கடையில் அதைச் சொன்னால் எனக்குத் தாடை இறுகும்.

மத்தியானம் மின்சாரத் தொழிலாளி ஒருவர் வந்து பார்த்தாராம். நிலவறையில், நாங்கள் கெல்லர் என்கிற இடத்தில், கட்டடத்தின் பிரதான மின்பெட்டி எரிந்துபோயிருந்தது. சூட்டுக் கருவியும் அதிலேதான் ஓடுகிறது. பெட்டிக்குரிய பாகம் கையிருப்பில் இல்லை, திங்கள்தான் வரும். அதுவரைக்கும் தற்காலிகமாக ஏதும் செய்யலாம்தானே என்று நான் திரும்பவும் போன் எடுத்தேன். மின்சாரக் கந்தோரைக் கேளுங்கள் என்றார்கள். மின்சாரக் கந்தோர், பெட்டி வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு, பெட்டி கட்டடச் சொந்தக்காரரான வீட்டுக்காரருடையது என்றது. நிர்வாகமோ, வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், அவர் மலைக்குப் பனியில் சறுக்கப் போயிருக்கிறார், போன் எடுக்கிறாரில்லை என்றது. ஒவ்வொருவரும் முடிவில் எனக்கு நல்ல வார இறுதி வாழ்த்தினார்கள்.

நான் வேலை செய்யும் இல்லத்தில் அறைக்குள் இருபத்து நான்கு பாகை. அன்று பின்னேரம் ஒரு வயோதிப மாது, "புழுங்குது, ஜன்னலைத் திற," என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். திறந்துவிட்டேன். அந்தச் சூடு அப்படியே வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. வேலை முடிந்ததும் அங்கேயே தலை முழுகினேன். ஒரு பிளாஸ்க்கில் தேநீரும் இரண்டு ரப்பர் பைகளில் சுடுதண்ணீரும் நிரப்பி, பைகளைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கர்ப்பிணி என்று நினைத்தோ என்னவோ, ஒரு பெடியன் எழும்பி இடம் தந்தான். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. ஜன்னல்களுக்கு வெளியே இறங்கும் மறைப்புகளை நாங்கள் ஸ்டோரன் என்போம். எங்கள் வீட்டில் அவையும் கரண்டில்தான் ஏறி இறங்கும். வியாழன் இரவு இறக்கி விட்டது அப்படியே கிடந்தது. கையால் தூக்க வழியில்லை. குசினி ஜன்னலுக்கு மட்டும் மறைப்பு இல்லை. அந்த ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, கம்பளியால் மூடிக்கொண்டு அவர் இருந்தார். அடுப்பும் கரண்ட் அடுப்பு. பாணும் ஜாமும்தான் சாப்பாடு.

மகள் பாசல் நகரத்திலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பாவை வெளிக்கிடுத்துங்கோ. நான் இண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் போனுக்குக் கிட்ட வந்து, "வீட்டை விட்டிட்டு வந்தால் தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும், பிள்ளை. ஆரும் நிண்டு டேப்பைக் கொஞ்சம் திறந்து விட்டுக்கொண்டிருக்க வேணும்," என்றார்.

போனை வைத்த பிறகு உண்மையைச் சொன்னார். "இவளும் அந்தப் பெடியனும் கலியாணம் கட்டாமல் ஒண்டா இருக்கிற வீட்டில நான் போய்ப் படுக்கிறதோ?"

"அப்ப குளிருக்குள்ள செத்துப் போறதோ?"

"என்னப்பா கதைக்கிறீர்? யாழ்ப்பாணத்தில அஞ்சு வருஷம் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். இது மூண்டு நாள்."

"யாழ்ப்பாணத்தில மைனஸ் பதின்மூண்டோ?"

அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நான் தனியே மகளிடம் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. போகாமல் இருந்ததற்கும் சேர்த்து அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. அன்றிரவு இரண்டு தொப்பி, மூன்று போர்வை, சுடுதண்ணீர்ப் பைகள் என்று இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம்.

சனிக்கிழமையும் எனக்கு வேலை. திரும்பி வந்தபோது வரவேற்பறையில் இருந்த வெப்பமானி ஒன்பதைக் காட்டியது. கீழ் வீட்டில் தனியே இருக்கும் எண்பது வயதுச் சுவிஸ் மாது படிக்கட்டில் என்னை மறித்தார். பனிச்சறுக்கும் உடுப்பை முழுக்கப் போட்டுக்கொண்டு நின்றார். பாற்கட்டி உருக்கும் சின்ன ஸ்பிரிட் அடுப்பில் தேநீர் வைத்து எனக்கு ஒரு கோப்பை தந்தார். நிர்வாகத்துக்குக் கையால் கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புவேன். பிரதியும் எடுப்பேன்."

"இப்பவே போன் பண்ணி நீங்களும் கத்தலாமே?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வார இறுதியிலா?"

நிர்வாகத்தின் வார இறுதி அவசர இலக்கத்துக்கு அடித்தேன். இம்முறை ஓர் ஆண். தீ இருக்கிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா, யாராவது லிப்டுக்குள் சிக்கியிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் இது அவசரம் இல்லை, பதிந்து வைத்திருக்கிறேன் என்றார். ஒன்பது பாகையில் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்றேன். சிறிது யோசித்து, "உறவினர் யாரும் இல்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் உறவினர் இரண்டு காலுறைக்கு மேல் மூன்றாவதை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வேலை. பின்னேரம் மூன்றரைக்கு முடிந்தது. வழக்கமாக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுக் கூட வேலை செய்யும் பெண்ணோடு கதைத்துக்கொண்டு நிற்பேன். அன்று வீட்டில் கணவர் தனியே இருக்கிறாரே என்று ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

இரண்டாம் மாடி ஏறும்போது கரி மணத்தது. யாரோ பல்கனியில் இறைச்சி சுடுகிறார்கள், இந்தக் குளிரிலும் இவர்களுக்கு ஆசை விடவில்லை என்று நினைத்தேன். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். முகத்தில் சூடு வந்து மோதியது. கரண்ட் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஒரு கணம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

வரவேற்பறை நடுவில், ஒரு பழைய தட்டத்தின் மேல், கோடையில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோகும் எங்கள் கரி அடுப்பு. தணல் அழகாகச் சிவந்து கிடந்தது. கெல்லரிலிருந்து அதையும் கரி மூட்டையையும் முதுகு வருத்தக்காரர் மூன்று மாடி சுமந்து வந்திருக்கிறார். குளிர் வரக்கூடாதென்று கதவின் கீழ் இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்திருந்தார். குசினி ஜன்னலும் பூட்டிக் கிடந்தது.

"வாரும், வாரும், சூடு பிடியும்," என்றார் சோபாவில் சாய்ந்தபடி. நாக்கு தடித்திருந்தது. முகம் சிவந்திருந்தது. "தலை மட்டும் கொஞ்சம் இடிக்குது."

இல்லத்தில் எங்களுக்கு வருஷாவருஷம் தீப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். கரிப்புகை போன பிறகும் தணலிலிருந்து வரும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மூடிய அறையில் அது ஆளை நித்திரையாக்கிக் கொன்றுவிடும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த வகுப்பில் நான் பாதி நேரம் கொட்டாவி விடுவேன். அன்று எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது.

குசினி ஜன்னலைத் திறந்தேன். வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு அவரைக் கைக்குக் கீழே பிடித்து இழுத்தேன்.

"விசரோ உமக்கு? எவ்வளவு கஷ்டப்பட்டு மூட்டினன்... சூடெல்லாம் போகுது, கதவைச் சாத்தும்!"

"எழும்புங்கோ!"

"சாத்தும் எண்டுறன்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை வாடா போடா என்று பேசினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழும்பி நின்றவருக்குக் கால் தள்ளாடியது. படிக்கட்டில் இருத்தியதும் வாந்தி எடுத்தார். அம்புலன்ஸ் இலக்கமான நூற்று நாற்பத்து நான்குக்கு அடித்தேன். கீழ் வீட்டு மாது சத்தம் கேட்டு ஏறி வந்து, ஒரு சொல்லும் கேட்காமல், தன் போர்வையை அவர் தோளில் போட்டு, மறுபக்கம் பிடித்துக் கீழே இறக்க உதவினார்.

பத்து நிமிஷத்துக்குள் அம்புலன்ஸ் வந்தது. பின்னாலே தீயணைப்பு வண்டி. அதன் பின்னாலே பொலிஸ். முகமூடி போட்ட இருவர் மேலே போய் அடுப்பைத் தூக்கி வந்து பனிக்குள் வைத்தார்கள். அது சீறி அடங்கியது. கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக அளந்தார்கள். அளந்து முடியும்வரை கட்டடத்தில் இருந்த எல்லோரும் வெளியே வர வேண்டும் என்றார்கள். ஆறு குடும்பம், கைக்குழந்தை ஒன்று, ஒரு பூனை. எல்லோரும் பனிக்குள் நின்று என்னைப் பார்த்தார்கள். சிலர் பரிதாபமாக, சிலர் அப்படியில்லாமல்.

தீயணைப்பு அதிகாரி குறிப்பேட்டோடு வந்தார். "வீட்டுக்குள் ஏன் கரி மூட்டினீர்கள்?"

"கரண்ட் இல்லை. சூடு இல்லை."

"எப்போதிலிருந்து?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இந்த முழுக் கட்டடமுமா? யாரும் எங்களிடம் சொல்லவில்லையே."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவர் விலகிப்போய்ப் போன் எடுத்தார். அவருடைய குரலில் கனிவு எதுவும் இருக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! நான் அம்புலன்ஸில் ஏறிவிட்டதால் மிச்சத்தைக் கீழ் வீட்டு மாது பிறகு சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் லொறியில் ஒரு பெரிய ஜெனரேட்டர் வந்து முற்றத்தில் நின்றதாம். வார இறுதியில்தான். மலையிலிருந்த வீட்டுக்காரரும் போனுக்குப் பதில் சொன்னாராம்.

மருத்துவமனையில் அவருக்கு ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கிய வைத்தியர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிறிது தெளிந்ததும் கணவர் முகமூடியைத் தூக்கி என்னைக் கிட்ட வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று குனிந்தேன்.

"டேப்பைத் திறந்துவிட்டு வந்தனீரோ?"

முகமூடியை நானே இழுத்து அவர் வாயில் மாட்டினேன்.

மகளும் அவளோடு இருக்கும் பெடியனும் ரயிலில் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டபோது அவருக்குப் போடச் சப்பாத்து இல்லை. காலுறையோடுதானே கொண்டு வந்தோம். அந்தப் பெடியன் தன் பனிச் சப்பாத்தைக் கழற்றி, முழங்காலில் இருந்து அவர் காலில் மாட்டி, கயிறு கட்டிவிட்டான். தான் கடையில் வாங்கிய செருப்போடு வெளியே நடந்தான். எங்கள் வீட்டுத் தரை முழுக்கச் சூடேற இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கணவர் எங்களோடு பாசலுக்கு வந்தார். இரண்டு இரவு அவர்களுடைய வரவேற்பறையில் படுத்தார். புழுங்குது என்று முறைப்பட்டார்.

பெப்ரவரியில் நிர்வாகத்திடமிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பொறுமைக்கும் புரிந்துணர்வுக்கும் நன்றி. அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், வீட்டுக்குள் கரி மூட்டுவது வாடகை ஒப்பந்தத்துக்கு விரோதமானது என்ற நினைவூட்டல். நான் எத்தனை தரம் போன் எடுத்தேன் என்பது அதில் இல்லை. இரண்டு பின்னேரம் இருந்து நான்கு பக்கம் பதில் எழுதினேன். மகள் அதைத் திருத்தி, மரியாதையாக்கி, அரைப் பக்கமாக்கித் தந்தாள். அனுப்பினேன். பதில் வரவில்லை.

கணவருக்கு இப்போது அது ஒரு பகிடிக் கதை. கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும் சொல்லுவார். "மூண்டு நாள் இவ போன் எடுத்தா, ஒருத்தரும் வரேல்லை. நான் ஒருக்கா அடுப்பு மூட்டினன், நாலு வண்டி வந்தது!" ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் எழும்பிப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு வீட்டில் எழும்பவில்லை. அவர் முடிக்கும்வரை இருந்துவிட்டு, "அண்டைக்கு நான் அடுத்த பஸ்ஸில வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல இவர் இருந்திருக்க மாட்டார்," என்றேன். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, சரி, சாப்பிடும்," என்று இறைச்சிக் கறியை என் பக்கம் தள்ளினார்.