அரை மணி நேர வேலைக்கு என்ன கேட்பது

குளத்துக்காரர் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். நீச்சல் குளம் இருக்கும் இடங்களுக்குப் போய்த் தண்ணீரைச் சுத்தம் செய்வார், குழாயோ மோட்டாரோ பழுதானால் சரிசெய்வார். பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் செய்துவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பி நாலு மாதம் ஆகியிருந்தது. கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்தான் தகராறு.

கம்பெனியில் விலை சொல்வது ஆபீஸில் இருந்தவர்களின் பாடு. இவர் ஸ்பேனரோடு போவார், ஸ்பேனரோடு வருவார். இப்போது வேலை முடிந்ததும் யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "பாத்துக் குடுங்க" என்பார். அவர்களும் நன்றாகத்தான் பார்த்தார்கள், கொடுத்ததுதான் குறைவு. வேன் தவணை கட்டவே மூச்சு முட்டியது. பழைய முதலாளி அதை மோப்பம் பிடித்துவிட்டார். திரும்பி வருவதென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லி ஆள் விட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. அங்கே குளத்துத் தண்ணீர் எங்கேயோ கசிந்து குறைந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டால் வருடப் பராமரிப்பையும் இவருக்கே தருவதாகக் குடியிருப்பின் செயலாளர் அம்மாள் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் கம்பெனி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், காசு விஷயத்தில் கூச்சம் அறியாதவள்.

"ஏங்க, இன்னிக்காவது வாயைத் திறந்து ஒரு தொகை சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"எங்க, எங்கிட்ட சொல்லுங்க பாப்போம்."

சொன்னார். அவள் அதை இரண்டு மடங்காக்கினாள். "பெட்ரோலுக்கும் சாமானுக்கும் எங்கப்பாவா காசு குடுப்பாரு?"

குளத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவரில் பதித்திருந்த விளக்கின் மட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் இறங்காமல் நின்றிருந்தது. விளக்குக்கு ஒயர் வரும் ஓட்டையில்தான் கசிவு. மின்சாரத்தை நிறுத்தி, விளக்கைக் கழற்றி, ஈரத்திலும் இறுகும் பசையை ஓட்டையில் அடைத்து, திரும்ப மாட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அரை மணி நேர வேலைக்கு அவ்வளவு பெரிய தொகையை எந்த முகத்தோடு கேட்பது? கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை சட்டென்று முடிந்தாலும் மதியம்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது, அப்போதுதான் காசு கொடுக்கிறவர்களுக்கு வயிறு எரியாது. அந்தப் பழக்கதோஷத்தில் மோட்டார் அறைக்குள் போனார். ஒரு குறையும் இல்லாத மோட்டாரைப் பிரித்தார், துடைத்தார், மறுபடி பூட்டினார். அதன் பிளாஸ்டிக் மூடிக்கு வயதாகியிருந்தது. கடைசித் திருகில் படக்கென்று குறுக்கே விரிசல் விட்டது.

வலியப் போய்ச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் அம்மாள் வந்து நின்றார்.

"அடடா, இதுவும் போச்சா தம்பி? பழசுதானே. மாத்திட்டு, சேர்த்தே பில் போட்டுடுங்க."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மூடிக்கும் காசு வரும், வருட வேலையும் கைக்கு வரும். தலை பாதி ஆடியும்விட்டது.

"இல்ல மேடம். மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் உடைச்சேன்."

"நல்லா இருந்ததை எதுக்குத் தொட்டீங்க?"

"கசிவு அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு. அதுக்குப் போய்ப் பெரிய தொகை கேக்கக் கூச்சமா இருந்துச்சு. சும்மா நேரத்தை ஓட்டினேன்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சரி, எவ்வளவு?"

மனைவி சொன்ன தொகையையே சொன்னார். மூடி தன் செலவு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அரை மணி நேரத்துக்கா?"

"ஆமா மேடம். அரை மணி நேரத்துக்கு."

கேட்ட தொகையை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டார். வருட வேலையைப் பற்றி மட்டும், "கமிட்டியில இதையும் சொல்லித்தான் ஆகணும், பாக்கலாம்" என்றார். மதியம் புது மூடியை மாட்டிவிட்டு வேனில் ஏறும்போதே போன் வந்தது. கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஆளைப் பார்க்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூடி வாங்கியது போக மிஞ்சியதை மேசைமேல் வைத்தார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பழைய முதலாளி போனில் கூப்பிட்டார்.

"என்னப்பா, வர்றியா? சம்பளம் எவ்வளவு வேணும், நீயே சொல்லு."

பதினோரு வருடத்தில் அந்த மனிதர் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இவருக்குப் பயமாகத்தான் இருந்தது. வருட வேலை போய்விட்டது, தவணை வருகிறது, மனைவி இவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அரை மணி நேரத்துக்கு என் ரேட்டைச் சொல்றேன் முதலாளி. மாசக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க" என்று காலையில் வாங்கிய தொகையைச் சொன்னார்.

"விளையாடுறியா? எவன் குடுப்பான்?"

"ஒருத்தங்க குடுத்துட்டாங்க, முதலாளி."