என் பல்லைப் பிடுங்கியவர் ஜனாதிபதியானார்

2009 வசந்தத்தில் எனக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. பாரிஸில், ரூ லூயி-பிளாங்குக்குப் பக்கத்துத் தெருவில், பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் அச்சகத்தில் அப்போது எனக்கு வேலை. ஊரில் சண்டை எப்படி முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட வாரங்கள் அவை. பகல் முழுக்க ஊர்வலத்துக்கான பதாகைகளை அடித்துக்கொண்டிருந்தோம். செத்த பிள்ளைகளின் படங்கள் மெஷினிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும்போது பல்வலியைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. கன்னம் வீங்கி ஒரு கண் மூடத் தொடங்கிய பிறகுதான் மனைவி என்னை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் இருந்தது பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில். அங்கே சந்தைக்கு எதிரே ஒரு பல் வைத்தியர் இருந்தார். மேற்கு ஆப்பிரிக்கர், உயரமானவர், மெல்லிய குரல். எனது அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த நேரம். மருத்துவ கார்ட் இருக்கிறதா என்று அவர் கேட்கவேயில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு, என் விரல்களில் ஒட்டியிருந்த மையைப் பார்த்து என்ன வேலை என்று விசாரித்தார். எனக்காக மனைவி பதில் சொன்னாள்.

"எனக்கும் ஒரு அச்சகம் வேண்டும்" என்றார்.

அவர் யார் என்பதை அவருடைய உதவியாளராக இருந்த பெண் எங்களுக்குச் சொன்னாள். அவளும் அதே நாட்டுக்காரி, முப்பது வயதிருக்கும். மாணவராக இருந்தபோது வேலைநிறுத்தம் நடத்தியதற்காக அவரைச் சிறையில் போட்டார்களாம். தப்பி வந்து, இங்கே உணவகத்தில் கோப்பை கழுவிப் படித்து வைத்தியரானாராம். அவர் நாட்டில் ஒரே கிழவர் பல வருடங்களாக நாற்காலியை விடாமல் இருக்க, எதிர்க்கட்சியை இவர் பாரிஸிலிருந்து நடத்தினார். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பக்தி இருந்தது.

அடுத்த வாரமே இருவரும் துண்டுப்பிரசுரத்தோடு அச்சகத்துக்கு வந்தார்கள். எந்த மனிதனுக்கும் இரண்டு தடவை ஆட்சி போதும் என்பதுதான் அதன் சாரம். ஒரு சனிக்கிழமை வைத்தியர் எங்கள் ஊர்வலத்துக்கும் வந்து, பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். மனைவி அழுதுவிட்டாள்.

"வேறை ஆர் எங்களுக்காக வந்தவை சொல்லுங்கோ? இவர் எங்கட ஆள்" என்றாள்.

சில வருடங்களில் அந்தக் கிழவர் செத்துப்போக, தேர்தல் வந்தது. பல் வைத்தியர் ஊருக்குப் போய் நின்று வென்றார். உதவியாளரும் அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யப் புறப்பட்டுப் போனாள். நான் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் பார்த்தவர்களிடமெல்லாம் என் பல்லைப் பிடுங்கியவர் இப்போது ஜனாதிபதி என்று சொல்லித் திரிந்தேன். வாயைத் திறந்து அந்த இடைவெளியைக் காட்டியதும் உண்டு.

அவருடைய தூதரகத்தின் அச்சு வேலைகள் எங்களிடமே வந்தன. முதல் சுவரொட்டிகளில் கிணறு, பள்ளிக்கூடம், மூலையில் அவருடைய சின்ன முகம். அடுத்த தேர்தலில் பாதி முகம், பாதி துறைமுகம். அந்தத் துறைமுகத்தை மருமகன் நடத்துவதாகப் பத்திரிகையில் வாசித்தேன். மூன்றாவது தடவை முகம் மட்டும்தான். அரசியல் சட்டத்தை மாற்றி, பழைய இரண்டு தடவைகளும் கணக்கில் இல்லை என்று அறிவித்திருந்தார். அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களைச் சுட்டார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் நான் சுவரொட்டியில் அவருடைய கன்னங்களை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை இனி வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அது அவுங்க ஊரு விஷயம்ப்பா. நமக்கு ஆர்டர் வருது, அடிக்கிறோம். நீ ஏன் மனசப் போட்டுக் கொழப்பிக்கிற?" என்றார்.

நான் வெட்டி முடித்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் அந்த உதவியாளர் அச்சகத்து வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லாமல், தரைவழியாகப் பக்கத்து நாட்டுக்குக் கடந்து, அங்கிருந்து பாரிஸுக்கு வந்து உறவுக்காரர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தாள். ஆசிரியராக இருந்த அவளுடைய தம்பி எதிர்ப்பு ஊர்வலம் நடத்தியதற்காகச் சிறையில் இருந்தான். தாய் கொண்டுபோகும் சாப்பாட்டை வாசலிலேயே திருப்பிவிடுகிறார்களாம்.

ஜனாதிபதி பாரிஸுக்கு வரவிருந்தார். ஒரு ஹோட்டலில் பழைய நண்பர்களைச் சந்திக்கப்போவதாக முதலாளிக்கும் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தம்பியை விடச் சொல்லிக் கேட்கும் ஒரு கடிதத்தைத் தந்தாள்.

"அவர் கையிலேயே கொடுங்கள். அம்மா எழுதியதாக இருக்கட்டும். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியவே வேண்டாம்" என்று பிரெஞ்சில் இரண்டு தடவை சொன்னாள்.

ஹோட்டல் மண்டபத்தில் ஆட்கள் வரிசையில் நின்று குனிந்து அவர் கையைப் பிடித்தார்கள். தட்டுத் தட்டாக இறால் போனது. என் முறை வந்ததும் அவர் எழுந்து, என் தாடையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாய் எனக்குத் தெரியும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் என்னை எனக்கே அருவருக்கிறது.

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு வரி வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாதே. யார் கொண்டுவந்து தந்தார்கள்?"

எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அதே மெல்லிய குரல்.

"உங்கள் பழைய உதவியாளர்தான்" என்றேன்.

"ஓ, அவள் இங்கேயா? எங்கே தங்கியிருக்கிறாள், பாவம்?"

"லெ பிளாங்-மெனிலில், ஒரு உறவுக்காரர் வீட்டில்."

அவர் கடிதத்தை மடித்துப் பின்னால் நின்றவனிடம் நீட்டினார். பிறகு என் தோளில் கையைப் போட்டார். யாரோ படம் எடுத்தார்கள். கழிவறைக்குப் போய்க் கன்னத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். ஈறுகளில் அவருடைய விரல்கள் இன்னும் இருப்பதுபோல் இருந்தது.

பத்து நாளுக்குள் அவளுடைய தம்பியை வடக்கே, பாலைவன ஓரத்துச் சிறைக்கு மாற்றினார்கள். அவள் தங்கியிருந்த கட்டடத்து வாசலில் இரண்டு பேர் வந்து அவளைப் பற்றி விசாரித்தார்கள். மறுநாள் அவள் அச்சகத்துக்கு வந்தாள்.

"நீங்கள் சொன்னீர்களா?"

சொன்னேன் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கேட்கிற விதத்தில் கேட்டால் வாயில் வந்துவிடும். நானும் அந்த அலுவலகத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். யார் யாரைச் சந்திக்கிறார்கள், யார் வீட்டில் கூட்டம் என்று. தம்பியைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்" என்றாள்.



முதலாளி ஹோட்டலில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டினார். நான் கழற்றினேன். அவர் திரும்ப மாட்டினார். மூன்றாம் தடவை கழற்றியபோது, "ஒனக்குப் புடிக்கலன்னா போயிடுப்பா" என்றார். போய்விட்டேன். இப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் வேலை.

ஜனாதிபதி மூன்றாவது ஆட்சி முடியுமுன் பாரிஸில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். தன் நாட்டில் தான் படுக்கக்கூடிய ஒரு ஆஸ்பத்திரியை அவர் கட்டியிருக்கவில்லை. அவருடைய இறுதிச் சடங்கை ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

"நல்ல மனிசன். எங்கட ஊர்வலத்துக்கு வந்தவர்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அண்ணை, அவர் சனத்தைச் சுட்டவர். ஆக்களைப் பிடிச்சு மறியல்ல போட்டவர்."

"ஓம், அதுக்கென்ன? அங்கை எல்லாரும் அப்பிடித்தான். எங்களுக்கு வந்தவரோ இல்லையோ?"

கறியில் கை வைத்தபடி அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

புதிய ஆட்சி வந்து உதவியாளரின் தம்பியை விடுதலை செய்தது. அவள் ஊருக்குத் திரும்பிப் போனாள். ஒரு தடவை அங்கிருந்து அழைத்தாள். தம்பி வீட்டில்தான் இருக்கிறான், நடக்கிறான், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறான் என்றாள். அவனோடு ஒரு நிமிடம் பேசலாமா, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொன்னேன்.

"வேண்டாம். வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. அந்த அலுவலகத்தில் நான் செய்ததை நானும் இன்னும் அவனிடம் சொல்லவில்லை" என்றாள்.